ஷார்த்ரு நகரும் அதைக் காத்த கைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பிரான்சு நாட்டின் ஷார்த்ரு நகரையும் அதன் பேராலயத்தையும் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு மொழி கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பாரிசில் குடியிருக்கும் மகளைப் பார்க்கச் செல்லும்போதெல்லாம், மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயிலேறி ஷார்த்ருக்கு ஒரு நாள் போய்வருவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்நகரைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்று இவ்வளவு இடம் ஒதுக்கி எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆயினும் கட்டுரையின் தொடக்கத்தோடும் முடிவோடும் என்னால் உடன்பட இயலவில்லை. எண்ணூறு ஆண்டுகளாக மாற்றமின்றி நிற்கும் கட்டடம் என்று பேராலயத்தை அறிமுகப்படுத்திய கட்டுரையாளர், அண்மைய சீரமைப்பில் அதன் பழமை கழுவி எடுக்கப்பட்டுவிட்டது என்ற வருத்தத்தோடு முடித்திருந்தார். இந்த இரண்டு கூற்றுகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. ஷார்த்ரு பேராலயம் ஒரு நூற்றாண்டுகூட மனிதக் கை படாமல் நின்றதில்லை. எரிந்தும், இடிந்தும், சில வேளைகளில் அதன் சொந்தக் குருக்களாலேயே சிதைக்கப்பட்டும், ஒவ்வொரு தலைமுறையாலும் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்டும் வந்ததுதான் அதன் வரலாறு.

நகரின் தோற்றத்தைக் கட்டுரை சரியாகவே சொல்லியிருந்தது. பாரிசுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், போஸ் என்னும் கோதுமைச் சமவெளியில், எர் ஆற்றங்கரை மேட்டில் அமைந்த ஊர் அது. கார்னூட் என்ற கெல்ட்டிய இனத்தாரின் பெயரே திரிந்து ஷார்த்ரு ஆயிற்று. அறுவடைக் காலத்தில் ரயிலில் செல்பவருக்கு முதலில் ஊர் தெரியாது. கதிர்களுக்கு மேலே, ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு ஊசிக்கோபுரங்கள் மட்டும் தெரியும். அந்த ஒவ்வாமையே என் வாதத்துக்கு முதற்சான்று. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டின் எளிமையான, அணியற்ற வேலை. வடக்குக் கோபுரத்தின் உச்சியில் இருந்த மரக்கூம்பு 1506இல் இடி விழுந்து எரிந்துபோனது. அதன் இடத்தில், 1507 முதல் 1513 வரை, ஜான் தெ போஸ் என்ற சிற்பி தம் காலத்து வழக்கப்படி கொடிக்கருக்கும் சுடர் வடிவங்களுமாகப் புதிய கற்கூம்பு ஒன்றை எழுப்பினார். பழைய கோபுரத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு வேலை தந்தவர்களும் அதைக் கேட்கவில்லை.

கட்டுரை 1194ஆம் ஆண்டின் தீவிபத்தை ஓர் அற்புதக் கதையாகச் சுருக்கிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இரவில் மூண்ட தீ, நகரின் பெரும்பகுதியையும் ஆயர் ஃபுல்பர் காலத்துப் பேராலயத்தையும் அழித்தது. கன்னி மரியாள் அணிந்தது என நம்பப்பட்டு, மன்னர் சார்ல் தந்ததாக மரபு கூறும் துணியும் எரிந்துவிட்டதென்றே மக்கள் எண்ணினர். ஊரின் புகழும் யாத்திரிகர் வருகையும் அதனால் கிடைத்த பிழைப்பும் அந்தத் துணியைச் சார்ந்தே இருந்தன. சில நாட்கள் கழித்து, தீயின்போது அதை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிய குருக்கள் துணியோடு உயிருடன் வெளியே வந்தார்கள். இது வரை கட்டுரையில் இருந்தது. இதன் பிறகு நடந்தது எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அப்போது ஊரில் இருந்த போப்பின் தூதர் கர்தினால் மெலியோர், ஆயரையும் பேராலயக் குருக்களையும் திரட்டிப் பேசினார். அவர்கள் தங்கள் வருமானத்தின் பெரும்பகுதியை மூன்று ஆண்டுகளுக்குக் கட்டடப் பணிக்கு விட்டுக்கொடுக்க இசைந்தார்கள். அற்புதத்தை நம்பியவர்கள் அதை நம்பிக்கொண்டே கணக்கும் போட்டார்கள். பெர்ஷேர் ஊர்க் கற்சுரங்கங்களிலிருந்து வந்த கடினமான சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு, கால் நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்துக்குள், ஏறத்தாழ 37 மீட்டர் உயர வளைவுக்கூரையோடு புதிய பேராலயம் எழுந்துவிட்டது. 1260 அக்டோபர் 24 அன்று, மன்னர் ஒன்பதாம் லூயி முன்னிலையில் அது நேர்ந்தளிக்கப்பட்டது.

இங்கே சிறிய திருத்தம் ஒன்று. அந்தத் துணியைக் கட்டுரை சட்டை என்றே குறிப்பிட்டது. இடைக்கால யாத்திரிகரும் அப்படித்தான் நம்பினர். சட்டை வடிவிலான சிறு பதக்கங்களை வாங்கி அணிந்தும் சென்றனர். ஆனால் 1712இல் பேழையைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது தைத்த உடை அன்று, நீண்ட துகில். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அது துண்டுகளாக்கப்பட்டு, எஞ்சிய பகுதியே இன்று பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

புதிதாக எழுந்தது என்று சொன்னாலும், பழையதிலிருந்து எஞ்சியவற்றைக் கட்டியவர்கள் தூக்கி எறியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபுல்பரின் பெரிய நிலவறையை அடித்தளமாக வைத்துக்கொண்டார்கள். மேற்கு முகப்பில் தீ தொடாத அரச வாயிலையும், அதன் மேலுள்ள மூன்று சாளரங்களையும் அப்படியே விட்டார்கள். தூண்களோடு தூண்களாக நீண்டு நிற்கும் அவ்வாயிலின் அரசர்களும் அரசியரும் 1145க்குப் பிறகான ஒரு பத்தாண்டுக்குள் செதுக்கப்பட்டவர்கள். பேராலயத்தின் மற்ற வாயில்களில் உள்ள சிற்பங்களுக்கு மூத்தோர். நீலப் பின்னணியில் அமர்ந்திருக்கும் அன்னையின் புகழ்பெற்ற கண்ணாடி உருவமும் தீயில் தப்பியதே. 13ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் அதைச் சுற்றிப் புதிய தேவதூதர்களை வரைந்து புதிய சாளரத்தில் பொருத்தினார்கள். பழைய மணியைப் புதிய நகையில் பதிப்பது போன்ற வேலை அது.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, வடக்கு வட்டச் சாளரத்தில் அரசி பிளான்ஷ் குடும்பத்தின் சின்னங்களையும், தெற்கில் த்ரெ பிரபுக்களின் சின்னங்களையும் மட்டுமே சுட்டியது. நகரத்தாரை முற்றிலும் விட்டுவிட்டது என் மனத்தை உறுத்தியது. கீழ்வரிசைச் சாளரங்களின் அடிப்பகுதியில், கண்ணுக்கு நேரே, உழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். நோவாவின் கதைக்குக் கீழே தச்சர்கள், சக்கரம் செய்வோர், பீப்பாய் செய்வோர். நல்ல சமாரியன் கதைக்குக் கீழே செருப்புத் தைப்பவர்கள். மகதலா மரியாளின் காலடியில் தண்ணீர் சுமப்பவர்கள். சார்லமாஞ் பேரரசருக்குக் கீழே விலங்குரோமத் துணி விற்பவர். புனித ஷெரோனின் சாளரத்தில் கல் செதுக்குபவர்களே தம் உளியோடு நிற்கிறார்கள். இவர்களெல்லாம் தத்தம் தொழிற்குழுவின் சார்பில் பணம் தந்து சாளரம் எடுத்தவர்கள் என்று நெடுநாள் சொல்லப்பட்டு வந்தது. உண்மையில் தந்தார்களா, குருக்கள் குழு தன் விருப்பப்படி அவர்களை வரைவித்ததா என்று இன்றைய ஆய்வாளர் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்குக் காரணம் இருக்கிறது. குருக்களுக்கும் நகரத்தாருக்கும் உறவு எப்போதும் இனிமையாக இருந்துவிடவில்லை; 1210இல் பேராலயத் தலைமைக் குருவின் வீட்டை மக்கள் தாக்கினார்கள், மன்னர் நகரத்தாருக்குத் தண்டம் விதித்தார். பக்தியால் ஒன்றுபட்ட ஊர் எழுப்பிய கோயில் என்று மட்டும் எழுதினால், அந்தக் கண்ணாடியில் தண்ணீர் சுமக்கும் மனிதருக்கு நாம் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். அவர் யார் பணத்தில் அங்கே வந்தார் என்பது எப்படியாயினும், அரசியின் சின்னத்தைவிடப் பார்ப்பவர் கண்ணுக்கு அருகில் இருப்பவர் அவரே.

அதன் பிறகான நூற்றாண்டுகளைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அந்த இடைவெளியில்தான் மாற்றமின்றி நின்றது என்ற தவறான எண்ணம் நுழைகிறது. ரெய்ம்ஸ் நகரம் எதிரணியின் கையில் இருந்ததால் மன்னர் நான்காம் ஆன்றி 1594இல் முடிசூடியது ஷார்த்ருவில்தான். அது பெருமைக்குரிய நாள். 1763இல் குருக்கள் குழுவே, தம் காலத்து ரசனைக்கு ஒவ்வவில்லை என்று, பீடத்துக்கு முன்னிருந்த 13ஆம் நூற்றாண்டுச் சிற்பத் தடுப்பை உடைத்தெறிந்தது. அதன் உடைந்த சிற்பங்கள் பின்னாளில் தளத்துக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டன. பீடப்பகுதிக்கு வெளிச்சம் வேண்டும் என்று சில வண்ணச் சாளரங்களையும் அகற்றினார்கள். புரட்சியின்போது, 1793இல், நிலவறையில் வணங்கப்பட்ட மரத்தாலான அன்னை சிலை பேராலய வாசலில் எரிக்கப்பட்டது. தளத்தில் பதிந்துள்ள ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள சுழல்வழியின் நடுவில் இருந்த உலோகத் தகடும் பீரங்கி வார்க்கப் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1836 ஜூன் 4 அன்று, கூரையில் பழுது பார்த்த தொழிலாளரின் கவனக்குறைவால் தீப்பிடித்து, காடு என்று மக்கள் அழைத்த இடைக்கால மரக்கூரை முழுவதும் சாம்பலானது, மணிகள் உருகின. கீழே இருந்த கல் வளைவுக்கூரை தாங்கியதால் சாளரங்கள் தப்பின. அதன்மேல் மீண்டும் மரக்கூரை போடாமல், அந்நாளில் புதுமையாக இருந்த இரும்புச் சட்டகத்தை எழுப்பிச் செம்புத் தகடு வேய்ந்தார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவர் பழமையின் நிறம் என்று மகிழும் அந்த இளம்பச்சை, 19ஆம் நூற்றாண்டுச் செம்பின் களிம்பு.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றி, உங்கள் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில், சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கட்டுரையில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை. முதல் உலகப்போரின் இறுதியில், 1918இல், குண்டுக்கு அஞ்சிச் சாளரங்களை முதன்முறையாகக் கழற்றினார்கள். அந்த அனுபவம் 1939இல் கைகொடுத்தது. போர் மூளும் தறுவாயில், ஈயப் பட்டைகளால் இணைத்த பல்லாயிரம் கண்ணாடித் துண்டுகளைக் கொண்ட 2,000 சதுர மீட்டருக்கும் மேலான பரப்பைப் பலகை பலகையாக இறக்கி, பெட்டிகளில் அடைத்து, முதலில் நிலவறையிலும் பிறகு நாட்டின் தென்மேற்கே டோர்டோன் பகுதியில் ஒரு நிலத்தடிக் கல்குவாரியிலும் கொண்டுபோய் மறைத்தார்கள். எந்தத் துண்டு எந்தச் சாளரத்தில் எந்த இடத்துக்கு உரியது என்ற குறிப்பு பிசகியிருந்தால், போருக்குப் பின் அவற்றைத் திரும்பப் பொருத்தியிருக்கவே முடியாது. சாரத்தில் ஏறிய அந்தத் தொழிலாளர்களின் பெயர்களை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கண்ணாடிகள் இல்லாத நகரில்தான் 1940 ஜூன் 17 அன்று ஜெர்மானியப் படை நுழைந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ழான் மூலேன். பொதுமக்களை வன்புணர்ந்து கொன்றார்கள் என்று பிரெஞ்சுப் படையின் செனகல் வீரர்கள்மீது பழி சுமத்தும் ஆவணத்தில் கையெழுத்திடுமாறு ஜெர்மானியர் அவரை வற்புறுத்தினார்கள். உண்மையில் அந்தப் பொதுமக்கள் குண்டுவீச்சில் இறந்தவர்கள். கறுப்பின வீரர்களின்மேல் பொய்ப்பழி சுமத்த அவர் மறுத்தார். நாள் முழுதும் அடித்தார்கள். மறுநாளும் இதையே கேட்டு அடித்தால் தாங்க மாட்டோமோ என்றஞ்சி, இரவில் தரையில் கிடந்த உடைந்த கண்ணாடித் துண்டால் தம் கழுத்தை அறுத்துக்கொண்டார். காப்பாற்றப்பட்ட பின், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தை ஒன்றுபடுத்தியவராக வரலாற்றில் நின்று, 1943இல் பிடிபட்டுச் சித்திரவதையில் மாண்டார். அந்நகரின் மரபைப் பேசும் எவரும் இவரை விட்டுவிட்டுப் பேச முடியும் என்று நான் நினைக்கவில்லை.

1944 மே 26 அன்று நேச நாடுகளின் குண்டுவீச்சில் நகர நூலகம் எரிந்தது. ஷார்த்ருவின் இழப்புகளிலேயே பெரியது இதுதான் என்பேன். 11, 12ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மாணவர்களை ஈர்த்த பள்ளி அந்நகரில் இருந்தது. முன்னோர்களாகிய அரக்கர்களின் தோள்மேல் ஏறிய குள்ளர்கள் நாம், அதனால்தான் அவர்களைவிடத் தொலைவு காண்கிறோம் என்ற புகழ்பெற்ற உவமையைச் சொன்னவராகக் கருதப்படும் பெர்னார் அங்கே கற்பித்தவர். இலக்கணம் முதல் வானியல் வரை ஏழு கலைகளுக்கான பாடநூல்களை ஒன்றுதிரட்டி தியெரி என்ற ஆசிரியர் தொகுத்த பெருஞ்சுவடி, எண்ணூறு ஆண்டுகள் அவ்வூரிலேயே இருந்து, அந்த ஒரு நாளில் அழிந்தது. அதற்கு முன் எடுத்துவைத்த ஒளிப்படங்களில்தான் அதை இன்று படிக்க முடிகிறது. கருகிச் சுருங்கிய மற்றச் சுவடிகளின் தோல் ஏடுகளை ஒவ்வொன்றாக நீவி, எந்த நூலின் எந்தப் பக்கம் என்று கண்டறியும் வேலையில் அறிஞர்கள் இன்றும் ஈடுபட்டிருக்கிறார்கள். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்பதால், சாளரங்களின் முன் நிற்கும்போதுகூட இந்த ஏடுகளின் நினைவே எனக்கு வருகிறது.

அடுத்து 1944 ஆகஸ்ட் 16. பேராலயக் கோபுரத்தில் ஜெர்மானியர் ஒளிந்திருந்து உளவு பார்க்கிறார்கள் என்று கருதி, அதைப் பீரங்கியால் சுட அமெரிக்கப் படை ஆயத்தமானது. வெல்பர்ன் கிரிஃபித் என்ற கர்னல், உறுதிப்படுத்தாமல் சுடக்கூடாது என்று எதிர்த்து, தாமே உள்ளே போய்ச் சோதித்தார். எதிரி எவரும் இல்லை. மணியை அடித்துத் தம்மவருக்குத் தெரிவித்தார். சுடும் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கே, நகரை ஒட்டிய லேவ் என்ற ஊரில் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு நடந்ததுதான் கட்டுரையாளரை வருத்திய சீரமைப்பு. 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான பேராலயத்தின் உட்புறத்தை 2009 முதல் பகுதி பகுதியாகத் தூய்மை செய்தார்கள். மெழுகுவர்த்திப் புகையும் வெப்பமூட்டும் கருவிகளின் கரியும் தூசும் படிந்த சுவர்களுக்குக் கீழே, 13ஆம் நூற்றாண்டில் பூசிய வெளிர்மஞ்சள் பூச்சும், அதன்மேல் கற்கள் இணையும் இடம் போலக் காட்ட வெள்ளைக் கோடுகளாகத் தீட்டிய பொய்ச் சந்துக்கோடுகளும் பெருமளவில் எஞ்சியிருந்தன. எஞ்சியதைப் பாதுகாத்து, போன இடத்தில் மீண்டும் பூசினார்கள். இருளில் மிதந்த கண்ணாடிகளின் மாயம் வெளிச்சச் சுவர்களால் கெட்டது என்று பலர் கண்டித்தார்கள், மனுக்கள் எழுந்தன. கண்டித்தவர்களின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. கறுத்த பேராலயத்தை முதன்முதலில் பார்த்த மாலையை நானும் மறக்கவில்லை. ஆனால் அந்த இருள் கட்டியவர்கள் தந்தது இல்லை; பின்னால் வந்த நாம் அடுப்பெரித்துப் படியவிட்டது. மேலும், சுவர்களோடு சாளரங்களும் தூய்மையாக்கப்பட்டதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது நியாயம் இல்லை. இடைக்காலக் கண்ணாடியில் மரச்சாம்பலின் உப்பு கலந்திருப்பதால் மழையும் ஈரமும் அதை அரித்துத் தழும்பாக்கும். இப்போது வெளிப்புறத்தில் காப்புக் கண்ணாடி பொருத்தி, அந்த ஈரத்தைத் தடுத்திருக்கிறார்கள்.

ஒன்றில் மட்டும் கட்டுரையாளரின் பக்கம் நிற்கிறேன். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூண் மாதா சிலை காலப்போக்கில் கறுத்து, கறுப்பு மாதா என்றே யாத்திரிகர்களால் தலைமுறை தலைமுறையாக அழைக்கப்பட்டவள். சீரமைப்பில் அவளுடைய முகம் வெளுத்துவிட்டது. சுவரில் படிந்த கரியும் அந்த முகத்தின் கருமையும் ஒன்றல்ல. சுவரின் கரியை நோக்கி எவரும் முழந்தாளிட்டதில்லை. அந்தக் கரிய முகத்தை நோக்கி எத்தனையோ பேர் அழுதிருக்கிறார்கள். முதல் நிறம் எது என்ற ஆய்வு சரியாகவே இருக்கலாம்; ஆயினும் மக்கள் இட்ட பெயருக்கு அங்கே சற்றுக் கூடுதல் மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் எண்ணுகிறேன்.

பேராலயத்தோடு நகரம் முடிந்துவிடவில்லை என்பதையும் இந்தத் தொடரின் அடுத்த பகுதிக்காகச் சொல்லிவைக்கிறேன். மேட்டிலிருந்து படிகள் வழியே இறங்கினால், எர் ஆற்றின் கிளைகளின்மேல் கூன்முதுகுக் கற்பாலங்களும், தோல் பதனிடுவோரும் ஆலைக்காரரும் வாழ்ந்த தெருக்களும், பேராலயத்தின் நிழலில் மறக்கப்படும் அழகிய சாளரங்களைக் கொண்ட புனித பேதுரு கோயிலும் இருக்கின்றன. ஊரின் ஓரத்தில் ரெமோன் இசிதோர் என்பவரின் வீடு இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தைப் பெருக்கும் வேலை பார்த்த அவர், 1964இல் இறக்கும் வரை ஆண்டுக்கணக்கில் உடைந்த தட்டுகளையும் கோப்பைகளையும் பொறுக்கிச் சேர்த்து, சுவர், தரை, மேசை, நாற்காலி, தையல் இயந்திரம் என எல்லாவற்றின்மேலும் பதித்துவிட்டார். சுவர்களில் பேராலயத்தையும் உடைந்த பீங்கானாலேயே வரைந்தார். அக்கம்பக்கத்தார் அவரைக் கேலி செய்தார்கள். இன்று அவ்வீடு அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னம்.

பாரிசிலிருந்து போய்வர எண்ணும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். சிறிய இருகண் தொலைநோக்கி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலான சாளரங்களின் கதை கீழிருந்து மேலாகச் செல்வதால், வட்டச் சாளரங்களின் ஒளியில் கண் கூசி உடனே அண்ணாந்துவிடாமல், தரைக்கு அருகிலிருந்து தொடங்குங்கள். காலை வெயில் தெற்குப் பக்கம் ஏறியதும் அந்தப் பக்கத்து நடைபாதையில் மகதலா மரியாளின் சாளரத்தைத் தேடிப் பாருங்கள். அதன் அடியில் தண்ணீர் சுமப்பவர்கள் நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர்,
புதுச்சேரி